சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் நடந்த முன்னோரின் தேவாலயத் திருமணத்தை எங்கே தேடுவது?

ஊரும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்திருந்தால், முதலில் அந்தத் தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டையே பார்க்க வேண்டும். இத்தகைய பதிவேடுகள் சில 19ஆம் நூற்றாண்டுக்கு வெகு முன்பே தொடங்குகின்றன: சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1680இல் அருட்பொழிவு பெற்ற புனித மேரி தேவாலயத்தில், அதே ஆண்டில் நடந்த, பின்னாளில் சென்னையின் ஆளுநரான எலிஹு யேலின் திருமணமே முதலாவதாகப் பதிவாகியிருக்கிறது.

மூல ஏடு செல்லரித்துப் போயிருந்தாலும் கவலை வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே பாதிரியார்கள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள்; சென்னை மாகாணத்துக்குரிய அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில், என்/2 (N/2) என்னும் வரிசையில் உள்ளன. ஆனால் அவற்றில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே மிகுதி. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு ஆலயத்தின் ஏடே பெரும்பாலும் துணை.

பதிவு கிடைத்தவுடன் மணமக்களின் பெயரோடு நின்றுவிடாமல், மணமகள் கன்னியா கைம்பெண்ணா என்ற குறிப்பையும், சாட்சிக் கையொப்பங்களையும், தந்தையர் பெயர் இருந்தால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிகள் பெரும்பாலும் உறவினராகவோ உடன் பணியாற்றியவராகவோ இருப்பார்கள் என்பதால், என் கருத்தில் பதிவின் மிகப் பயனுள்ள பகுதி அதுவே. பிறகு திருமண நாளுக்குப் பிந்தைய இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் திருமுழுக்குப் பதிவுகளில் அதே தம்பதியரைத் தேடினால், பிள்ளைகளின் வரிசையும் தந்தையின் தொழிலும் தெரியவரும். பெயரின் எழுத்துக்கூட்டல் ஏட்டுக்கு ஏடு மாறும். ஒலியைக் கொண்டே தேடுங்கள்.