யானை லத்தி பொறுக்கவா பிள்ளையைப் படிக்க வைக்கிறது?

வணக்கம் அண்ணாச்சி. போன வாரம் போனில் நீங்கள் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். செங்கோட்டையில் கடை வைத்து மகளைப் பயாலஜி-மேத்ஸ் குரூப்பில் சேர்த்து, டாக்டராவாள் என்று காத்திருந்தீர்கள். அவளோ காட்டு விலங்குகளின் மரபணுவைப் படிக்கப் போகிறேன் என்கிறாள். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், அந்த வேலையில் ஒரு பங்கு லத்தி பொறுக்குவதுதான்.

ஏன் லத்தி? காட்டு யானையை மயக்கி ரத்தம் எடுப்பது யானைக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. லத்தி வெளியே வரும்போது குடலின் உட்சுவரில் இருந்து உதிர்ந்த செல்கள் அதன் மேல்பூச்சில் ஒட்டிக்கொண்டு வரும். ஈரம் காயாத லத்தியின் மேல்பக்கத்தை மட்டும் சுரண்டி, ஆல்கஹால் ஊற்றிய சின்ன டியூப்பில் போட்டு மூடுவார்கள். லேபிளைப் பென்சிலில்தான் எழுதுவார்கள். பேனா மை ஆல்கஹால் பட்டால் கரைந்து ஓடிவிடும். ஆய்வகத்தில் அந்த டியூப்பைப் பிரித்துப் பார்த்தால் இது எந்த யானை, ஆணா பெண்ணா, பக்கத்து டியூப்பில் இருப்பது இதன் தாயா என்பதுவரை சொல்ல முடியும். யானையை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திருக்க வேண்டாம்.

இதனால் என்ன பிரயோசனம் என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு உங்கள் ஊரே போதும். கொல்லம் ரயிலில் பகவதிபுரம், ஆரியங்காவு என்று போகிறீர்களே, அந்தச் செங்கோட்டைக் கணவாய் யானைகளுக்கு ஒரு வேலி மாதிரி. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் இந்திய யானைகளின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2024-இல் ஆய்வு வெளியிட்டார்கள். நாட்டின் யானைகள் மரபணு அளவில் ஐந்து கூட்டங்கள். அதில் மூன்று தென்னிந்தியாவில். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே ஒன்று, உங்கள் ஊருக்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் ஒன்று. தெற்கே இருப்பவை 150-க்கும் குறைவு. யானைகள் வடக்கிலிருந்து தெற்காகப் படிப்படியாகப் பரவியபோது ஒவ்வொரு கட்டத்திலும் மரபணு வகைகள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. கடைசியில் நிற்பது இந்தக் கூட்டம். சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகுவதன் அடையாளமும் அங்கேதான் அதிகம்.

அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். சின்னக்கானலில் அரிசிக் கடைகளை உடைத்துப் பெயர் வாங்கிய ஆண் யானை. 2023 ஜூனில் கம்பம் பக்கம் பிடித்து, லாரியில் ஏற்றிச் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே களக்காடு முண்டந்துறை காட்டில் விட்டார்கள். ஊருக்குள் வந்ததால் செய்தது அது. மரபணுக் கணக்குப் பார்த்துச் செய்ததல்ல. ஆனாலும் அவன் கணவாய்க்கு வடக்கே பிறந்தவன். இங்கே அவன் வழியில் குட்டி பிறந்தால், சின்னக் கூட்டத்துக்கு அது புது ரத்தமா, வேண்டாத கலப்பா? அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது அந்த இடத்துக்குத்தான்.

வேறு இடத்தில் இப்படிச் சொல்லி, அதன்படி நடந்தும் இருக்கிறது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் பல புலிகளின் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடம்பே கறுப்பாகத் தெரியும். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அது என்று அதே பெங்களூரு மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-இல் கண்டுபிடித்தது. வெளிப் புலி வராத காடு என்பதால் அந்த மாற்றம் அங்கே பரவிக் கிடக்கிறது. புது ரத்தம் வேண்டும் என்று 2024-இல் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து இரண்டு பெண் புலிகளைக் கொண்டுபோனார்கள். அதில் ஜீனத் என்பவள் காட்டைவிட்டுக் கிளம்பி, ஜார்கண்ட் கடந்து மேற்கு வங்காளம்வரை போய்விட்டாள். டிசம்பர் கடைசியில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆய்வறிக்கையைப் புலி படிப்பதில்லையே!

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. டிவியில் பார்க்கிற மாதிரி ஜீப்பில் சுற்றுகிற வேலை இல்லை இது. காட்டில் சில வாரம் என்றால் ஆய்வகத்திலும் கம்ப்யூட்டர் முன்னாலும் பல மாதம். லத்தியில் கிடைக்கும் மரபணு உடைந்து, அழுக்கோடு இருக்கும். ஒரே சாம்பிளை மூன்று, நான்கு தடவை மெஷினில் ஓட்ட வேண்டும். பாதி சமயம் ஒன்றுமே வராது. பக்கத்திலேயே ஒன்றும் போடாத வெறும் டியூப் ஒன்றையும் ஓட்டுவார்கள். அதில் ஏதாவது தெரிந்தால் எங்கேயோ கலப்படம், அன்றைய வேலை குப்பைக்கு. பிறகு புள்ளியியல், கோடிங்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண், தெருநாய்க்கெல்லாம் சோறு வைப்பாள், விலங்கு என்றால் உயிர். "உனக்காகவே உள்ள படிப்பு" என்று அனுப்பிவைத்தேன். முதல் செமஸ்டர் முடியும் முன் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். இப்போது கால்நடை மருத்துவம் முடித்து நன்றாக இருக்கிறாள். விலங்கைத் தொட வேண்டும் என்கிற ஆசை வேறு, விலங்கைப் பற்றி ஒரு கணக்குப் போட வேண்டும் என்கிற ஆசை வேறு. அதைக் கேட்காமல் அனுப்பியது என் தவறு.

அதனால்தான் உங்கள் மகளிடம் ஒரு மாதம் தினமும் சாயங்காலம் குளத்தங்கரை ஆலமரத்திலிருந்து கிளம்பும் பழந்தின்னி வௌவால்களை எண்ணி எழுதச் சொன்னேன். நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். முப்பது நாளில் இருபத்து மூன்று நாளுக்குத்தான் எண் இருக்கிறது. மீதி ஏழு கட்டம் காலி. பக்கத்தில் "மழை", "டியூஷன்", "தூங்கிட்டேன்". அண்ணாச்சி, இந்த வயசில் பிள்ளைகள் காலிக் கட்டத்தை ஏதாவது ஒரு எண் போட்டு நிரப்பிவிடும். இவள் தூங்கினதையும் எழுதியிருக்கிறாள். எனக்கு அது போதும்.

சரி, படிப்பு. இளங்கலையிலேயே "வனவிலங்கு மரபணு" என்று பெரிய பேர் போட்டு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் பக்கத்தில் போகாதீர்கள். பி.எஸ்சி. விலங்கியலோ உயிரித் தொழில்நுட்பமோ, கூடவே புள்ளியியலும் கோடிங்கும் போதும். ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் ஐசர் விதுராவில், அதே அகத்தியமலை அடிவாரத்தில்தான் இருக்கிறது. முதுகலைக்கு டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு மையம். நம் பக்கம் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி. சீட்டு குறைவு, போட்டி அதிகம். மாற்று வழியாகத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்குதான்.

பணம்? முனைவர் பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் தலையெடுக்க முடியாது. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. அதற்குமேல் உங்கள் கையிலிருந்து காசு போகாது. ஆனால் நிரந்தர வேலை முப்பது வயது தாண்டித்தான் என்று மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் அழியும் உயிரினங்களுக்கான ஆய்வகம், வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை நிறுவனம், வேட்டை வழக்குகளில் கறியும் தோலும் எந்த விலங்குடையது என்று சொல்லும் தடய அறிவியல் கூடங்கள் என்று இடங்கள் உண்டு, எண்ணிக்கை கொஞ்சம்தான். கிடைக்காவிட்டால், அதே கைப்பழக்கத்துக்கு மருத்துவமனை மரபணுப் பரிசோதனைக் கூடத்திலும் வேலை உண்டு. பிழைப்புக்குப் பஞ்சம் வராது.

பெண் பிள்ளை தனியாகக் காட்டுக்குள்ளா என்று அக்கா கேட்டார்களாம். வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. போகும்போது காவலரும் காட்டை அறிந்த உள்ளூர் ஆளும் கூட வருவார்கள். ரோட்டில் பைக் ஓட்டுவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாருங்கள். பதினொன்றாம் வகுப்பு மார்க் லிஸ்ட்டோடு அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். வௌவால் எண்ணிக்கை பௌர்ணமியை ஒட்டி மாறுகிறதா என்று அவளையே ஒரு கிராஃப் போட வைத்துப் பார்க்கலாம். நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.