சோளத்துக்குப் பயம் வருமா?

கேள்வி: மெக்சிகோ பழங்குடிகள் மக்காச்சோளத்தைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்களாமே? வயிற்றுக்குப் போகிற தானியத்துக்கு எதற்கு இத்தனை சடங்கு? (வாசகர், நாமக்கல்)

பதில்: உங்கள் ஊரில் மக்காச்சோளம் என்றாலே கோழித் தீவன மூட்டைதான், அதனால் கோபமில்லை.

16-ஆம் நூற்றாண்டில் அங்கே போன சஹாகுன் என்ற பாதிரியார், நாவா என்ற மெக்சிகோ பழங்குடிப் பெண்கள் அடுப்படியில் செய்ததை எழுதி வைத்திருக்கிறார். பானையில் போடுமுன் சோளத்தின் மேல் மெல்ல ஊதுவார்களாம், சூட்டைக் கண்டு அது மிரண்டுவிடக் கூடாதே என்று. தரையில் சிந்தினால் பொறுக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது சாமியிடம் போய் அழுது புகார் சொல்லிவிடும். பாதிரியார் இதையெல்லாம் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிட்டார். உங்கள் கட்சிதான்.

மாயா என்ற இன்னொரு பழங்குடியின் கதையில் தெய்வங்கள் மண்ணால் மனிதனைச் செய்தார்கள், கரைந்துவிட்டான். மரத்தால் செய்தார்கள், மனசே இல்லை. கடைசியில் மஞ்சளும் வெள்ளையுமான சோள மாவைப் பிசைந்துதான் ஆள் தேறினான். கதைதானே என்று தள்ளுமுன் ஒரு கதிரை உரித்துப் பாருங்கள். மட்டை இறுக்கிச் சுற்றியிருக்கும், மணி தானாக உதிராது. முழுக் கதிராக விழுந்து முளைத்தாலும் நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கியே செத்துப்போகும். சுமார் 9,000 வருடங்களுக்கு முன் தென்மேற்கு மெக்சிகோவில் ஒரு காட்டுப் புல்லில் இருந்து மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த பயிர் அது, மனிதக் கை இல்லாவிட்டால் அதற்கு வம்சமில்லை.

அப்புறம் சுண்ணாம்பு. அங்கே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழுவித்தான் அரைப்பார்கள். ஐரோப்பியர் தானியத்தை மட்டும் கப்பலில் ஏற்றினார்கள், பக்குவத்தை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியில் சோளக் கூழே கதியென்று கிடந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தியும் பேதலித்தது. அந்த நோய்க்குப் பெயர் பெலாக்ரா. சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினைச் சுண்ணாம்புதான் விடுவிக்கிறது, அது கிடைக்காமல்தான் அந்த நோய். இது புரிய 20-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. அது சமையல், சடங்கில்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் ஊதிப் போட்டதும் சுண்ணாம்பு கலந்ததும் அந்தப் பெண்களுக்கு ஒரே அடுப்பு வேலை, தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பவர் நீங்கள்தான்.

2025 மார்ச்சில் மெக்சிகோ, மக்காச்சோளம் தன் தேசிய அடையாளம், அதில் மரபணு மாற்று விதைப்பு கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. அதையும் பாதிரியாரின் கணக்கில் சேர்க்கலாமா, சொல்லுங்கள்.