மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போது, மருத்துவரே நோயாளியின் மொழியைப் பேசுவதால் குழந்தையின்மைச் சிகிச்சையில் என்ன மாறுகிறது?

அமெரிக்காவில் ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த தம்பதியருக்கு, மருத்துவருக்குத் தங்கள் மொழி தெரியாதது உண்மையிலேயே ஒரு குறையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஹூஸ்டன் நகரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் 9 ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். சேர்ந்தபோது எனக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது. இன்று நோயாளிகளுடன் அந்த மொழியிலேயே பேசுகிறேன். இரண்டு நிலையிலும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: குறைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு தம்பதியர் வந்தார்கள். கணவருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், மனைவிக்கு வராது, மருத்துவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. "நானே சொல்லிவிடுகிறேன்" என்றார் கணவர். நெரிசலான அந்தக் காலை வேளையில் யாரும் மறுக்கவில்லை. விந்துப் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை என்பதையும், அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் மருத்துவர் ஐந்து நிமிடம் விளக்கினார். கணவர் மனைவி பக்கம் திரும்பி ஒரே ஒரு வரி சொன்னார். அந்தப் பெண் தலையசைத்தார். அவ்வளவு பெரிய விளக்கம் எப்படி ஒரு வரியில் அடங்கியது என்று எனக்கு உறுத்தியது; ஆனால் கேட்பதற்கு என்னிடம் மொழி இல்லை.

ஏழு மாதம் கழித்து அவர்கள் மறுபடி வந்தபோதுதான் தெரிந்தது, "உனக்கு இன்னும் சோதனை எடுக்க வேண்டுமாம்" என்பதுதான் அந்த வரி. இடைப்பட்ட காலமெல்லாம் அந்தப் பெண், கருப்பையில் குளிர்ச்சி ஏறிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, 'சோபாதோரா' எனப்படும் வயிறு பிடித்துவிடும் அம்மாளிடம் போய்வந்திருக்கிறார். கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் உடம்பைப் பற்றிய அப்படியொரு செய்தியைத் தன் வாயாலேயே மனைவியிடம் சொல்லும் சுமையை அவர் தலையில் ஏற்றியது நாங்கள்தான். ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழ் வந்த விதிகள், தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்றும், உடன் வந்த உறவினரை நம்பி நடத்தக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆனால் மத்திய அரசின் நிதி பெறும் இடங்களுக்குத்தான் அது பொருந்தும். நோயாளியின் சொந்தப் பணத்தில் மட்டும் நடக்கும் கருத்தரிப்பு மையத்தை அது கட்டுப்படுத்தாது.

எலும்பு முறிந்து வருபவருக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிடலாம். எங்கள் சிகிச்சையில் பாதி, நோயாளியின் வீட்டுச் சமையலறையில் நடக்கிறது. மருந்துப் பொடியைக் கரைப்பது, அளவு பார்த்து வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வது எல்லாம் அந்தப் பெண்ணின் கைவேலை. முட்டைகளை முதிர வைக்கும் கடைசி ஊசிக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையில் ஏறத்தாழ 36 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு பத்தரைக்குப் போட வேண்டியதைக் காலை பத்தரைக்குப் போட்டுவிட்டால், பெரும்பாலும் 15,000 டாலருக்கு மேல் செலவாகும் ஒரு முழுச் சுற்றே வீணாகலாம். ஒருமுறை ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை ஒரு நாளைக்கே பற்றாது, டப்பாவில் பத்துதான் இருக்கிறது என்றார். தினம் ஒரு வேளை இரண்டு மாத்திரை வீதம் ஐந்து நாளைக்குக் கொடுத்தது அது. ஆங்கிலத்தில் 'ஒரு தடவை' என்பதற்கு எழுதும் 'once' என்ற அதே நான்கு எழுத்துகள் ஸ்பானிஷில் 'பதினொன்று' என்ற சொல்; தினம் பதினொன்று என்று படித்திருக்கிறார். அவர் அழைத்துக் கேட்டாரே, அதுதான் நல்ல காலம்.

நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்தால் இவை நேராதே என்பீர்கள். பெருமளவு உண்மைதான். மாசசூசெட்ஸில் குழந்தைகள் அவசரப் பிரிவுகளில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரின் பிழைகளில் 12 சதவீதம் நோயாளிக்குப் பாதிப்பு தரக்கூடியவை. உறவினரோ கையில் கிடைத்தவரோ மொழிபெயர்த்தபோது அது 22 சதவீதம். நூறு மணி நேரமோ அதற்கு மேலோ பயிற்சி பெற்றவர்களிடம் வெறும் 2 சதவீதம். இருந்தாலும் எங்கள் துறையின் சொற்களே சிக்கலானவை. ஸ்பானிஷில் 'ஓவுலோ' என்றால் கருமுட்டை. பிறப்புறுப்புக்குள் வைக்கும் மருந்துக்கும் மருந்துக்கடையில் அதே பெயர்தான். கருவைக் கருப்பைக்குள் வைத்த மூன்றாம் நாள் ஒரு நோயாளி அழுதுகொண்டே அழைத்தபோது, "என் முட்டை வெளியே வந்துவிட்டது" என்று இணைப்பில் இருந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார். உண்மையில் நழுவி விழுந்தது, கருவைத் தாங்க உள்ளே வைத்த புரோஜெஸ்ட்ரான் மாத்திரை. அப்போது எனக்கு ஸ்பானிஷ் கொஞ்சம் பழகியிருந்ததால் உடனே பிடிபட்டது.

இதைவிட ஆழமாகத் தைப்பது 'அபோர்த்தோ' என்ற சொல். தானாகக் கலைந்ததற்கும் வேண்டுமென்றே கலைத்ததற்கும் பேச்சு வழக்கில் அந்த ஒரே சொல்தான் புழங்குகிறது. தமிழில் 'கலைந்தது', 'கலைத்தது' என்று ஓர் எழுத்திலேயே பழி விலகிவிடுகிறது. மூன்று கருவைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் பதிவேட்டில், அவராகவே மூன்று முறை கலைத்துக்கொண்டதாக ஆங்கிலத்தில் பதிவாகியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆவதற்கான காரணத்தை யாரும் தேடவில்லை. தேட வேண்டும் என்றே அந்தப் பதிவேட்டைப் படித்தவர்களுக்குத் தோன்றவில்லை.

ஸ்பானிஷ் பேசும் பெண்களுக்கு மருத்துவமனைகள் மீதுள்ள அவநம்பிக்கைக்குப் பழைய வரலாறும் உண்டு. 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில், பிரசவ வலியில் இருந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கருக்குழாயைக் 'கட்டியிருக்கிறார்கள்' என்றால் பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள். பத்துப் பெண்கள் தொடுத்த 'மாட்ரிகல் எதிர் குவில்லிகன்' வழக்கில், 1978இல் நீதிபதி அதைத் தகவல் பரிமாற்றக் கோளாறு என்று கூறி மருத்துவர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். கருப்பையைப் பற்றிய தாளில் கையெழுத்துப் போடும் முன் ஸ்பானிஷ் பேசும் ஒரு பெண்மணி தயங்கினால், அதை அறியாமை என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் இரண்டு ஆண்டு ஸ்பானிஷ் படித்த தைரியத்தில் மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிடும் மருத்துவரைவிட, மொழியே தெரியாமல் மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொள்பவர் நூறு மடங்கு மேல். அதுபோல, குவாத்தமாலாவிலிருந்து வரும் எல்லாருக்கும் ஸ்பானிஷ்தான் தாய்மொழி என்பதும் இல்லை. மாம், கிச்சே போன்ற மாயா மொழிகளில் வளர்ந்தவர்கள், ஸ்பானிஷில் "சி, சி" என்று மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு ஒன்றும் விளங்காமல் வீட்டுக்குப் போவார்கள். பணத்தடை தனி, அதை எந்த மொழியும் தீர்க்காது.

முதலில் சொன்ன அந்த மெக்சிகோத் தம்பதியர் இரண்டாம் முறை வந்தபோது, கொலம்பியாவில் வளர்ந்த மருத்துவர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவர் முதலில் கணவரிடம் தனியாகப் பேசி, அவருடைய சம்மதத்துடன் இருவரையும் உட்கார வைத்து, விரையிலிருந்து நேரடியாக விந்தணு எடுக்க முயலலாம் என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார். முந்தைய வருகையில் வாயே திறக்காத அந்தப் பெண், அன்று அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். முதல் கேள்வி, கணவருக்கு வலிக்குமா என்பது.