டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கும் முன்: வீட்டுக்கல்வி குறித்துச் சில கேள்விகள்

ஏப்ரல் பிறந்தாலே வீட்டுக்கல்வி பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சில ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, பிறகு என் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மகளுக்கு ஜூனில் ஆறு வயது முடிகிறது. பள்ளியில் சேர்க்காவிட்டால் கேஸ் போடுவார்களாங்க? (கோபிசெட்டிபாளையம்)

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுக்கல்விக்கு அனுமதி தரும் பிரிவும் இல்லை, அதைத் தடுக்கும் பிரிவும் இல்லை. இந்த இடைப்பட்ட நிலையில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களிடம் முகம் சுளிக்க வேண்டாம். நம் பக்கம் பிள்ளைகளைத் தறிக்கும் மில்லுக்கும் அனுப்பிய காலம் இருந்தது. அந்தக் கவலையோடுதான் கேட்கிறார்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பாப்பாவின் நோட்டுகளைக் காட்டுங்கள். தேதி போட்ட நோட்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

பின்னால் மனம் மாறினாலும் பயமில்லை. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர அவளுக்கு உரிமை உண்டு.

காங்கேயத்தில் தேங்காய் காயவைக்கும் களம் வைத்திருக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பையனை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. காலை 9 முதல் 3.30 வரை பீரியட் போட்டுச் சொல்லித் தருகிறேன். தினமும் அழுகைதானுங்க.

அந்த டைம்டேபிளை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். நானும் இதைத்தான் செய்தேன். கூடத்தில் கரும்பலகை மாட்டி, மணி அடித்து, வருகைப்பதிவுகூட எடுத்தேன். ஒரு நாள் மதியம் என் மகள், "மிஸ், எங்கம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றினேன்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அமைதிப்படுத்தவும் நோட்டுத் திருத்தவுமே பாதி நேரம் போய்விடும். ஒரே பிள்ளைக்கு, அதுவும் எட்டு வயதில், உட்கார்ந்து படிக்க ஒன்றரை மணி நேரம் தாராளம். தமிழ் வாசிப்பு, கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், அவ்வளவுதான். அப்புறம் களத்துக்கு விடுங்கள்.

உங்கள் களத்தைவிட நல்ல கணக்கு நோட்டு எங்கே கிடைக்கும்? உடைத்த தேங்காய் மூடி ஒன்றில் அவன் பெயரை எழுதி, தினமும் அதே நேரத்தில் தராசில் வைத்து எடையைக் குறிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் மளமளவென்று குறையும். நாள் போகப் போகக் குறைவது மெதுவாகும். ஏன் என்று அவனே கேட்பான், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். காய்ந்ததும் ஓட்டைத் தனியே எடை போட்டுக் கழிக்கட்டும். ஈரத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த பருப்பில் 6 விழுக்காடு அளவுதான் நிற்கும். அப்படியானால் 100 கிலோ ஈரப் பருப்பு காய்ந்தால் சுமார் 53 கிலோ. இந்தக் கணக்கை அவன் ஆறாம் வகுப்பு வயதில் போட்டால் போதும். இப்போதைக்குக் கழித்தலும் ஒரு வரைபடமும் போதும். மழைக்காலத்தில் பருப்பில் பூஞ்சணம் பிடிப்பதைப் பார்த்தால் அறிவியல் தானாக வரும். பருப்பு ஏலத்தில் அப்பா வாங்கிவரும் சீட்டைச் சத்தமாக வாசிக்க வையுங்கள், அங்கே பெருக்கலும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது.

அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை அதைப் புரட்டி, எது விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

டி.சி. வாங்கியே ஆக வேண்டுமா? (சத்தியமங்கலம்)

வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. இல்லை என்பதற்காக அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ சட்டம் இடம் தரவில்லை. இருந்தாலும் காகிதம் கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம்.

மகன் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது. நின்றுவிட்டு திறந்தநிலைப் பள்ளியில் எழுதுகிறேன் என்கிறான். (பொள்ளாச்சி)

வழி இருக்கிறது. வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத வழி தரும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. கணக்குக் கட்டாயமில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள், அதைச் செய்ய விடாதீர்கள். பின்னால் பாலிடெக்னிக் போக நினைத்தால் அங்கேதான் இடிக்கும். நம் மாநிலப் பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராகவும் எழுதலாம், அதற்கு வயது 14½. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும், பலர் கோட்டைவிடுவது இதைத்தான்.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது, மறு ஆண்டே பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் தொடங்கியது. இவையெல்லாம் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களை வைத்து வந்தவை. மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டு இதையெல்லாம் ஏன் கைவிட வேண்டும்? பள்ளியில் அவனை எது விரட்டுகிறது என்று முதலில் கேளுங்கள். அடியா, கேலியா, ஒரு பாடமா? பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகக் கேளுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறோம். எங்களால் முடியுமாங்க? (திருப்பூர்)

இப்போது வேண்டாம் தங்கச்சி. பகலில் பெரியவர் ஒருவர் கூட இல்லாத வீட்டில் பிள்ளையை விட்டால் அது படிப்பு இல்லை, தனிமைதான். பள்ளியில் மதியச் சோறும் தோழிகளும் கிடைக்கிறார்கள். ராத்திரி அரை மணி நேரம் கதை வாசியுங்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூட்டிப்போய் மிச்சச் சில்லறையை அவளே எண்ணட்டும். இதுவும் வீட்டில் நடக்கும் கல்விதான், இதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

அப்பிச்சி (தாத்தா) ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். என்ன செய்ய? (பவானி)

அவரையே வாத்தியார் ஆக்குங்கள். தறி தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜமக்காளத்தில் பட்டைக் கோடுகள் எப்படி விழுகின்றன என்று வாரம் இரண்டு நாள் பேத்திக்கு அவர் சொல்லித் தரட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டுப்பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், ஏன் என்று அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.