தினமும் பத்து நிமிடப் பாடம் நடத்தியே சிறு வகுப்பு மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் ஆசிரியர் பேசுவதற்கான உச்சவரம்பே தவிர, எழுத்துக்கென ஒதுக்கும் மொத்த நேரம் அன்று. தொடக்க வகுப்புகளுக்குக் கற்பித்து வரும் எனக்கு இந்த முறையில் பிடித்ததே, ஆசிரியர் சீக்கிரம் பேசி முடித்துவிட்டால் மீதி நேரம் முழுவதும் குழந்தைகளின் கையிலுள்ள பென்சிலுக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான். அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2012இல் வெளியிட்ட ஆசிரியர் வழிகாட்டி, முதல் வகுப்பிலிருந்தே நாள்தோறும் ஒரு மணி நேரத்தை எழுத்துக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதில் பாதி கற்பித்தலுக்கு, பாதி மாணவர்கள் எழுதிப் பழகுவதற்கு. அவ்வளவு நேரம் கிடைக்காத வகுப்புகளில் பத்து நிமிடப் பாடமும் அதைத் தொடர்ந்து இருபது நிமிட எழுத்தும் இருந்தால்கூடப் போதும், ஆனால் அது தினமும் நடக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வரும் கட்டுரை வகுப்பில், போன வாரம் எழுதியது என்ன என்பதை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே பாதி நேரம் கழிந்துவிடுகிறது.

இந்தக் குறும்பாட முறை அமெரிக்காவில் டொனால்ட் கிரேவ்ஸ், லூசி கால்கின்ஸ் போன்ற கல்வியாளர்களின் முயற்சியால் 1980களில் பரவியது. அதன் அமைப்பு எளிமையானது: ஒரு சிறு பாடம், நீண்ட எழுத்து நேரம், இறுதியில் எழுதியதை வாசித்துப் பகிர்தல்.

பாடம் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். ‘நல்ல கட்டுரை எழுதுவது எப்படி’ என்பதைப் பத்து நிமிடத்தில் நடத்த முடியாது. ‘முதல் வாக்கியத்தை எங்கே தொடங்கலாம்’ என்பதை நடத்தலாம். அதையும் விளக்கமாகச் சொல்வதைவிட, கரும்பலகையில் ஆசிரியரே எழுதிக் காட்டுவது மேல். ‘மழை பெய்தது’ என்று எழுதி, சற்று நின்று, ‘மழையை நான் முதலில் பார்த்தேனா, சத்தத்தைக் கேட்டேனா?’ என்று வாய்விட்டு யோசித்து, அதை அடித்துவிட்டு, ‘ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம் கேட்டது’ என்று மாற்றும்போது, எழுதுபவரின் மனத்தில் நடக்கும் வேலை குழந்தைகளுக்குக் கண்முன் தெரிகிறது. முன்கூட்டியே திருத்தமாக எழுதிவந்த பத்தியை ஒட்டிவைத்தால் இந்தப் பயன் கிடைக்காது.

ஒரு மாதத்துக்கான பாடங்களை முன்பே வகுத்துவைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாளைய பாடம் இன்றைய நோட்டுகளில்தான் இருக்கிறது. பலரும் ‘அப்புறம்’, ‘அப்புறம்’ என்று கோத்துக்கொண்டே போயிருந்தால் மறுநாள் வாக்கியங்களை இணைப்பதைப் பற்றிப் பேசலாம். ‘நாய் வந்தது. நாய் நனைந்திருந்தது. நாய் கதவைப் பிராண்டியது’ என்ற மூன்று வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொன்னால், ‘நனைந்திருந்த நாய் வந்து கதவைப் பிராண்டியது’ என்று ஒருவரும், ‘கதவைப் பிராண்டிய நாய் நனைந்திருந்தது’ என்று இன்னொருவரும் எழுதுவார்கள். இரண்டும் சரிதான், ஆனால் வாசகரின் கண் எங்கே போய் நிற்கிறது என்பது மாறுகிறது. பெயரெச்சம், வினையெச்சம் என்ற பெயர்களைச் சொல்லாமலே அவற்றின் பயன்பாட்டைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. கல்வி ஆய்வாளர்களான ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட அறிக்கையிலும், வாக்கிய இணைப்புப் பயிற்சி எழுத்துத் தரத்தை உயர்த்துவதாகவும், இலக்கணத்தைத் தனியே நடத்துவது அவ்வாறு உதவவில்லை என்றும் தெரியவந்தது.

குழந்தைகள் எழுதும் நேரத்தில் ஆசிரியர் மேசையில் அமர்ந்துவிடக் கூடாது. ஒவ்வொருவர் அருகிலும் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, ‘இதில் உனக்கு முக்கியமான இடம் எது?’ என்று கேட்டு, ஒரு யோசனையை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஒரே நாளில் எல்லாரையும் பார்க்க இயலாது. வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்தால் நல்லது.

எழுத்துப் பிழைகளைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள் (சிவப்பு மை இல்லாத நோட்டைப் பார்த்தால் ஆசிரியர் வேலையே செய்யவில்லை என்று நினைப்பவர்களும் உண்டு). லகர ளகர ழகரக் குழப்பத்தை நான் அலட்சியப்படுத்துவதில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டால், குழந்தை தனக்குப் பிழையின்றி எழுதத் தெரிந்த சொற்களுக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஆகவே பிழை பார்ப்பதற்கென்று தனிப் பாடம், தனி நாள். கையெழுத்துப் பயிற்சியையும் ஒதுக்கிவிட வேண்டாம்; எழுத்தின் வடிவத்தை நினைவுகூரவே மிகவும் சிரமப்படும் குழந்தைக்கு, என்ன சொல்வது என்று யோசிக்கக் கவனம் மிஞ்சுவதில்லை. பேச்சு நடையில் எழுதும் குழந்தையிடம், உரையாடலுக்குள் அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லி, கதை சொல்லும் பகுதியை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றச் சொல்லலாம்.

‘எனக்கு எழுத ஒன்றுமே இல்லை’ என்று சும்மா இருக்கும் குழந்தைக்குத் தலைப்புக் கொடுப்பதைவிடப் படம் வரையச் சொல்லுங்கள். வரைந்ததைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டால் வாய் திறக்கும், அது சொன்னதையே எழுதச் சொல்லலாம். நோட்டில் அழிப்பானைப் பயன்படுத்த விடாமல், ஒற்றைக் கோட்டால் அடிக்கச் சொல்லி, பக்கந்தோறும் தேதி போட வையுங்கள். மதிப்பெண் கேட்கும் பெற்றோரிடம், பருவத் தொடக்கத்துப் பக்கத்தையும் இப்போதைய பக்கத்தையும் அருகருகே விரித்துக் காட்டலாம்.