மாந்தோவாவின் மறுமலர்ச்சிக் காலத் தேவாலயங்களும் பரங்கிக்காய்த் தொர்தெல்லியும்: கேள்வி பதில்

வெரோனாவில் பணியாற்றிய ஆண்டுகளில், வார இறுதிகளில் ரயிலேறி நான் அடிக்கடி சென்றுவந்த ஊர் மாந்தோவா. இத்தாலியின் லொம்பார்தி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள அந்த நகரத்துக்குச் செல்லவிருக்கும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளை ஒன்றாகத் தொகுத்து, எனக்குத் தெரிந்த வரையில் இங்கே பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: வெனிஸ், புளோரன்ஸ், ரோம் மூன்றும் எங்கள் திட்டத்தில் உள்ளன. இவற்றுக்கிடையே மாந்தோவாவுக்கு ஒரு நாள் ஒதுக்குவது தகுமா?

தகும். ஆனால் ஒரு நாள் போதாது. ஓர் இரவாவது தங்குங்கள். மாந்தோவாவைக் கொன்ஸாகா குடும்பத்தார் 1328 முதல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆண்டார்கள். அவர்கள் சேர்த்து வைத்த ஓவியங்களில் பெரும்பகுதி, பணமுடை காரணமாக 1627, 1628 ஆண்டுகளில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்கப்பட்டது. 1630இல் புனித ரோமானியப் பேரரசரின் படைகள் நகரத்தைச் சூறையாடின; அதே காலத்தில் கொள்ளைநோயும் பரவியது. பின்னர் நெப்போலியனின் படையினரும் தங்கள் பங்குக்கு எடுத்துச் சென்றார்கள். ஆகவே மாந்தோவாவில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் தலைசிறந்தவை, யாராலும் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாத சுவர்களும் கூரைகளும் அவற்றின் மேல் தீட்டப்பட்டவையுமே ஆகும். மாந்தோவாவின் அரசவை ஓவியர் மன்தேஞ்ஞாவின் புகழ்பெற்ற பலகை ஓவியங்களைப் பாரிஸிலோ லண்டனிலோ பார்த்துவிடலாம். அவர் தீட்டிய அறையைப் பார்க்க மாந்தோவாவுக்குத்தான் வர வேண்டும்.

கேள்வி: கட்டடக்கலை மாணவன் நான். பாடநூல்கள் புனித அந்திரேயா பேராலயத்தை வானளாவப் புகழ்கின்றன. படங்களில் பார்க்கும்போது அதன் முகப்பு அவ்வளவு பெரிதாகவோ அழகாகவோ தோன்றவில்லை. நேரில் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் ஐயம் நியாயமானது. எனக்கும் முதல் முறை அப்படித்தான் இருந்தது. முகப்பை முதலில் தள்ளி நின்று பாருங்கள். நான்கு பெருந்தூண்களும் மேலே முக்கோண நெற்றியும் கொண்ட பழைய ரோமானியக் கோவிலின் முகப்பும், படைகள் வென்று திரும்பும்போது எழுப்பிய வெற்றி வளைவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருப்பது தெரியும். லெயோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி இதை வரைந்து தந்தது 1470 வாக்கில். 1472இல் பணி தொடங்கியது. அதே ஆண்டில் அவர் இறந்துவிட்டார். லூக்கா ஃபான்செல்லி என்ற கட்டடக் கலைஞர் வேலையைத் தொடர்ந்தார். குவிமாடம் 18ஆம் நூற்றாண்டில் ஃபிலிப்போ யுவாராவின் வடிவமைப்பில் சேர்ந்தது. அதாவது, ஆல்பெர்த்தி இதன் சுவர் எழும்பியதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போது உள்ளே செல்லுங்கள். அந்தக் காலத்துப் பெரிய கோவில்களில் இருபுறமும் தூண் வரிசைகள் நின்று இடத்தை மூன்றாகப் பிரிக்கும். இங்கே தூண் வரிசையே கிடையாது. ஏறத்தாழ 18 மீட்டர் அகலமுள்ள ஒரே மண்டபம், அதன்மேல் பாதி உருளையைக் கவிழ்த்தாற்போன்ற வளைவுக் கூரை. அந்தக் கூரையின் பாரம் எங்கே இறங்குகிறது என்று தேடினால், இருபுறமும் வரிசையாக அமைந்த சிற்றாலயங்களுக்கு இடையிலுள்ள கனத்த சுவர்களே அதைத் தாங்குவது புலப்படும். வாசலில் நீங்கள் பார்த்த வெற்றி வளைவு, பெரிய திறப்பும் அதன் இருபுறமும் சிறிய திறப்புமாக, உட்சுவர் நெடுகிலும் திரும்பத் திரும்ப வருவதையும் கவனியுங்கள். உள்ளும் புறமும் ஒரே சொல்லை இரண்டு முறை உச்சரிப்பதுபோல் அமைந்த இந்தத் திட்டமே, 1568இல் தொடங்கிய ரோம் நகரின் ஜேசு கோவில் வழியாக, பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது.

இவ்வளவு பெரிய மண்டபம் எதற்காக? கிறிஸ்துவின் விலாவைக் குத்திய வீரர் லோஞ்சினுஸ், அவருடைய இரத்தம் கலந்த மண்ணை இங்கே கொண்டுவந்தார் என்பது மாந்தோவாவின் நம்பிக்கை. அந்தத் திருப்பண்டத்தைக் காணக் கூடும் பெருங்கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்பதே லுதோவிக்கோ கொன்ஸாகா பிரபுவின் தேவை. இன்றும் பெரிய வெள்ளியன்று அது வெளியே எடுக்கப்படுகிறது. மற்ற நாள்களில் குவிமாடத்தின் நேர் கீழே உள்ள நிலவறையில் இருக்கிறது. மேலே எண்கோண வடிவக் கைப்பிடி வேலி அந்த இடத்தைக் காட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாந்தோவாவைச் சுற்றிச் சதுப்பு நிலமே இருக்கிறது. கல் வெட்டியெடுக்கும் மலை அருகில் இல்லை. அதனால் ஆல்பெர்த்தி இதைச் செங்கல்லில் திட்டமிட்டார். நீங்கள் பளிங்கு என்று நினைப்பதில் பெரும்பகுதி செங்கல்லின்மேல் பூசிய காரை. கூரையில் குழிக் கட்டங்களாகத் தெரிபவை தூரிகை செய்த மாயம். இடப்புறத்தின் முதல் சிற்றாலயத்தில் ஓவியர் அந்திரேயா மன்தேஞ்ஞா அடக்கமாகியிருக்கிறார். வாயிலருகே அவருடைய வெண்கல மார்பளவுச் சிலை, சற்றே கடுகடுத்த முகத்துடன், உள்ளே வருவோரை நோக்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: மற்றத் தேவாலயங்களில் எவற்றைத் தவறவிடக் கூடாது?

புனித அந்திரேயாவிலிருந்து சில அடி தூரத்தில், எர்பே சதுக்கத்தில், தெரு மட்டத்துக்குக் கீழே இறங்கிச் செல்லும் வட்ட வடிவச் செங்கல் கோவில் ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித லாரன்ஸ் கோவில் அது. 16ஆம் நூற்றாண்டில் வழிபாடு நின்றுபோய், சுற்றிலும் வீடுகளும் கடைகளும் முளைத்து அதை முற்றிலும் விழுங்கிவிட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வீடுகளை இடித்தபோதுதான் கோவில் மறுபடி வெளிப்பட்டது. மறுமலர்ச்சிக் காலத்துக்கு முந்தியது என்றாலும் பத்து நிமிடம் அங்கே உட்காருங்கள்.

சொர்தெல்லோ சதுக்கத்திலுள்ள தலைமைக்கோவிலின் வெண்பளிங்கு முகப்பு 18ஆம் நூற்றாண்டினது. எனக்கு அதில் ஈர்ப்பில்லை. உள்ளே 1545இல் கட்டடக் கலைஞர் ஜூலியோ ரொமானோ மாற்றியமைத்த தூண் வரிசைகள்தாம் பார்க்கத் தக்கவை. தொடக்ககாலக் கிறிஸ்தவக் கோவில்களின் அமைதி அங்கே இருக்கிறது. ஆல்பெர்த்தி 1460இல் தொடங்கிய புனித செபஸ்தியார் கோவில் நகரின் தென்பகுதியில் உள்ளது. அதன் எதிரிலேயே மன்தேஞ்ஞாவின் வீடும், உள்ளே வட்டமான முற்றத்துடன் இருக்கிறது.

ஒரு கசப்பான கதையையும் தெரிந்துகொண்டு செல்லுங்கள். தானியேலே நோர்ஸா என்ற யூத வணிகர், தாம் வாங்கிய வீட்டின் சுவரிலிருந்த மரியன்னை ஓவியத்தை, முறையாக அனுமதி பெற்றே அழித்தார். அப்படியிருந்தும் 1490களில், பிரான்செஸ்கோ கொன்ஸாகாவின் போர் வெற்றிக்கு நன்றியாக மன்தேஞ்ஞா தீட்டவிருந்த பீட ஓவியத்துக்கு அவரையே பணம் செலுத்த வைத்தார்கள். வீட்டையும் இடித்து அங்கே கோவில் எழுப்பினார்கள். அந்த ஓவியம் இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நோர்ஸா குடும்பத்தாரை மரியன்னையின் காலடியில் வாடிய முகத்துடன் நிறுத்திக் காட்டும் வேறொரு ஓவியம் புனித அந்திரேயாவில் உள்ளது. அதன் முன் நிற்கும்போது மறுமலர்ச்சி என்ற சொல்லின் ஒளி சற்று மங்கவே செய்கிறது.

கேள்வி: அரண்மனையில் மன்தேஞ்ஞாவின் ஓவிய அறையைப் பார்க்க முன்பதிவு அவசியமா? அவ்வளவு சிறப்பா?

அவசியம். ஓவியங்களைப் பாதுகாக்க ஒரே நேரத்தில் சிலரையே உள்ளே விடுகிறார்கள்; நேரமும் அளந்துதான் தருகிறார்கள். திங்கள்கிழமைகளில் அரண்மனைக்கு விடுமுறை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். 500 அறைகள் என்று சொல்லப்படும் அந்த மாளிகையில் எல்லாவற்றையும் பார்க்க முயன்று களைத்துப்போய் இறுதியில் இந்த அறைக்கு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவு செய்த நேரத்துக்கு முன்னால் மற்ற அறைகளில் அதிகம் அலையாதீர்கள்.

மன்தேஞ்ஞா இதை 1465 முதல் 1474 வரை தீட்டினார். ஒரு சுவரில் லுதோவிக்கோ பிரபு கையில் கடிதத்துடன் செயலரிடம் ஏதோ பேசுகிறார். அருகே மனைவி பார்பரா, பிள்ளைகள். நாற்காலிக்கடியில் பிரபுவின் நாய் படுத்திருக்கிறது. புராண வீரமோ வானதூதர்களின் பவனியோ இல்லாமல், அலுவல் நேரத்தில் ஒரு குடும்பம் எப்படி இருக்குமோ அப்படியே தீட்டியிருக்கிறார். அண்ணாந்து பார்த்தால் கூரையின் நடுவே வட்டமாக ஒரு திறப்பு, நீலவானம் தெரிகிறது, பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஒரு பெரிய பூத்தொட்டி ஒற்றைக் கம்பின்மேல் நம் தலைக்கு நேரே நிற்கிறது. உண்மையில் அங்கே திறப்பே இல்லை.

கேள்வி: எட்டு, பத்து வயதில் இரு பிள்ளைகள். தேவாலயங்கள் அவர்களுக்குச் சலித்துவிடுமே?

அவர்களைத் தே மாளிகைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1525 வாக்கில் தொடங்கி ஜூலியோ ரொமானோ கட்டிய உல்லாச மாளிகை அது. அங்கே இராட்சதர் அறையில் சுவருக்கும் கூரைக்கும் இடையில் மூலையே தெரியாதபடி பூசி, எல்லாப் பக்கத்திலும் மலைகளும் தூண்களும் இராட்சதர்கள்மேல் சரிந்து விழுவதாகத் தீட்டியிருக்கிறார்கள். என்னுடன் வந்த ஒரு சிறுவன் அறையைவிட்டு வர மறுத்துவிட்டான். முற்றத்தில் நின்று, மேலே சில கற்கள் வேண்டுமென்றே நழுவியதுபோல் கீழே இறங்கியிருப்பதை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள், என் மாமியார் முட்டையும் சாப்பிட மாட்டார். மாந்தோவாவில் என்ன கிடைக்கும்?

மாந்தோவாவின் பெருமைக்குரிய உணவே பரங்கிக்காயில் செய்வது. வேகவைத்து மசித்த பரங்கிக்காயுடன், கசப்பு வாதுமை மணமுள்ள அமரெத்தி பிஸ்கட்டுத் தூள், சீஸ், சாதிக்காய், மொஸ்தார்தா ஆகியவற்றைக் கலந்து பூரணமாக்கி, மெல்லிய மாவுத் தாளில் வைத்து மடித்து வேகவைத்து, உருக்கிய வெண்ணெயில் புரட்டித் தருவார்கள். இதுவே தொர்தெல்லி. கிறிஸ்துமஸ் முந்தின இரவின் மாமிசமில்லா விருந்தில் இது கட்டாயம் இடம்பெறும். மொஸ்தார்தா என்பது ஆப்பிள் போன்ற பழங்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கடுகுச் சாரம் சேர்த்துச் செய்வது; இனிப்பாக இருக்கிறதே என்று எண்ணி முடிப்பதற்குள் கடுகின் நெடி மூக்கில் ஏறும். ஊறுகாய்க்குப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகவே படாது. இனிப்பும் உப்பும் காரமும் கலந்த தொர்தெல்லியை முதல் வாயிலேயே எல்லோரும் விரும்புவதில்லை. மூன்றாம் வாய்க்குப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள் தேவை. மாவில் முட்டை உண்டு. ஆகவே உங்கள் மாமியாருக்கு இது ஆகாது. இங்குள்ள பார்மிஜானோ, கிரானா சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறையவைக்கிறார்கள். அதைத் தவிர்ப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊரின் மற்றொரு புகழ்பெற்ற உணவான பிலோத்தா ரிசோத்தோவில், அரிசிச் சோறு என்று பெயரிருந்தாலும், பன்றி இறைச்சி நிறைய இருக்கும். நெல் குத்தும் ஆலைத் தொழிலாளர்களின் பெயரால் வழங்கும் உணவு அது. மாமியாருக்கு மக்காச்சோள மாவுக் களியான பொலெந்தாவும் சுட்ட காய்கறிகளும் கேளுங்கள். “நோன் மாஞ்ஜோ நே கார்னே, நே பேஷே, நே உவோவா” என்றால் இறைச்சியும் மீனும் முட்டையும் உண்பதில்லை என்று பொருள். அசைவம் உண்பவர்கள் ஏரி மீனான லூச்சோவைப் புளிப்புக் குழம்புடன் உண்டு பார்க்கலாம். கழுதைக் கறியும் இவ்வூரின் பழைய வழக்கம் என்பதால், உணவுப் பட்டியலில் ‘ஆசினோ’ என்ற சொல்லைக் கண்டால் யோசித்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்த மாதம் உகந்தது?

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் பிற்பகுதி. குளிர்காலத்தில் மூடுபனி நகரத்தையே மறைத்துவிடும். கோடையில் புழுக்கமும் கொசுவும் உண்டு. ஆனாலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் செல்ல நேர்ந்தால் ஏரியில் படகேறுங்கள். மின்சோ ஆறு நகரைச் சுற்றி மூன்று ஏரிகளாக விரிகிறது. அவற்றுள் மேல் ஏரி முழுவதும் தாமரை. நம் குளத்துத் தாமரையேதான்; 1921இல் ஒரு மாணவி கொண்டுவந்து நட்டது இன்று வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டிய அளவுக்குப் பெருகிவிட்டது. ஏரிக்கரையிலுள்ள கிராத்ஸியே சிற்றூரின் மாதா திருத்தலத்தில், கூரையிலிருந்து பாடம் செய்யப்பட்ட ஒரு முதலை தொங்குகிறது. எதற்காக என்று ஊராரைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

கேள்வி: வீரமாமுனிவர் பிறந்த ஊர் இதன் அருகில்தான் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கொன்ஸ்தான்ஸோ ஜுசெப்பே பெஸ்கி 1680இல் பிறந்த காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே, மாந்தோவா மாவட்டத்தில், நகரிலிருந்து வடமேற்கே கார்தா ஏரிக்குச் செல்லும் திசையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கிறது, பேருந்து உண்டு. அவர் பிறந்தபோது அவ்வூரைக் கொன்ஸாகா குடும்பத்தின் ஒரு கிளையே ஆண்டது. அக்கிளையில் பிறந்து, அரசுரிமையைத் துறந்து சேசு சபையில் சேர்ந்த புனித அலோசியஸின் பெயரில் அங்கே பேராலயம் உள்ளது. பெஸ்கியும் அதே சபையில் சேர்ந்தார். தமிழகம் வந்து தேம்பாவணி பாடினார். 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். 1859இல் சொல்ஃபெரினோ போரில் காயமுற்றவர்களை இவ்வூர்க் கோவில்களில் கிடத்தி ஊர்ப் பெண்கள் பராமரித்ததைக் கண்டே ஹென்றி துனானின் மனத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கான எண்ணம் முளைத்தது. அதற்கான அருங்காட்சியகமும் அங்கே இருப்பதால் அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

ஸ்பிரிஸொலோனா. வாதுமையும் மக்காச்சோள மாவும் சேர்த்துச் சுட்ட கெட்டியான வட்டப் பணியாரம். பல நாள் கெடாது. சில கடைகளில் வெண்ணெயுடன் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள் என்பதால் ‘ஸ்த்ருத்தோ’ உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் நொறுங்கிவிடுமே என்று அஞ்ச வேண்டாம். நொறுங்குவது என்பதே அதன் பெயருக்குப் பொருள்; மாந்தோவாக்காரர்களும் அதைக் கத்தியால் வெட்டுவதில்லை, மேசை நடுவே வைத்துக் கையால் உடைத்துத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.