பழைய எண், புதிய எண்

கே: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பில்லிங்குக்காக நாங்களே எழுதிய டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ப்ரோகிராம்) ஒன்று லினக்ஸில் ஓடுகிறது. பழைய லாக் ஃபைலின் பெயரை மாற்றிவைத்துப் புதியதைத் தொடங்கும் லாக்ரொடேட் தினமும் ராத்திரி ஓடுகிறது, ஆனால் புதிய லாக் ஃபைல் 0 பைட்டிலேயே நிற்க, '.1' என்று முடியும் பழைய ஃபைல்தான் வளர்ந்துகொண்டே போகிறது. போன வாரம் டிஸ்க் நிரம்பி, பழையதை அழித்தும் இடம் வரவில்லை. ரீபூட் செய்தால்தான் சரியாகிறது. லாக்ரொடேட்டில் கோளாறா?
– ஒரு வாசகர், சென்னை-58

ப: லாக்ரொடேட் மேல் பழி போடாதீர்கள், பாவம், அது தன் வேலையைச் செய்துவிட்டது. நம்ம ஊர்த் தெருக்களில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று கேட்டில் எழுதியிருப்பார்களே, அதே கதைதான். மாறியது கதவு எண், உள்ளே குடியிருப்பவர் அங்கேயேதான் இருக்கிறார். டீமன் ஒரு ஃபைலைத் திறந்த பிறகு பெயரைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, ஐநோடை (பெயர் மாறினாலும் மாறாத, ஃபைலின் உள் அடையாளத்தை) பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருக்கும். அழித்தும் இடம் வராததற்கும் அதுதான் காரணம்: பெயர் போய்விட்டாலும், திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் அதை மூடும்வரை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இடத்தை விடாது. ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ ஒரு கணக்கும், டிஸ்க்கில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் டிஎஃப் வேறு கணக்கும் சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு '+எல்1' சேர்த்து ஓட்டினால், அழிந்தும் அழியாமல் கிடக்கும் ஃபைல்கள் எந்த ப்ராசஸ் கையில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். அந்த டீமனை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், இதற்குப் போய் ரீபூட்டா!

சரி, நிரந்தரத் தீர்வு. லாக்ரொடேட் அமைப்பில், சுழற்றி முடித்ததும் ஓடுகிற போஸ்ட்ரொடேட் பகுதி எழுதி, 'ஃபைலை மூடிவிட்டுத் திரும்பத் திற' என்று டீமனுக்கு ஒரு சிக்னல் அனுப்ப வேண்டும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் என்றால் யூஎஸ்ஆர்1 என்ற சிக்னல், பல டீமன்களுக்கு சிக்ஹப் என்ற சிக்னல். உங்களுடையது சொந்தமாக எழுதியது என்பதால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: சிக்ஹப்பைக் கையாளும் கோட் உள்ளே இல்லையென்றால் அந்த சிக்னல் டீமனையே கொன்றுவிடும். நானும் ஒருமுறை யோசிக்காமல் அனுப்பிவிட்டு, காலையில் 'சர்வீஸ் ஏன் ஓடவில்லை' என்று போன் வந்த பிறகுதான் விழித்தேன். ஆகவே முதலில் கோடைப் பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், நாலைந்து வரி வேலைதான்.

கோடைத் தொட முடியாது என்றால் காப்பிட்ரங்கேட் இருக்கிறது. அது நகல் எடுத்துக்கொண்டு அசலைக் காலி செய்கிறது, அந்த இடைவெளியில் எழுதப்படும் வரிகள் தொலையலாம். பில்லிங் லாக்கில் நான் அதைச் செய்ய மாட்டேன். தவிர, டீமன் அப்பெண்ட் முறையில் (எப்போதும் ஃபைலின் கடைசியில் எழுதும்படி) திறக்காவிட்டால், காலி செய்த பிறகும் பழைய இடத்திலிருந்தே எழுத ஆரம்பித்து, ஃபைலின் முன்பகுதி முழுக்க வெற்று பைட்டாக நிற்கும். சிக்னல் வழியில் போனால் டிலேகம்ப்ரெஸ் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்னும் எழுதப்படுகிற ஃபைலை அவசரப்பட்டுச் சுருக்காமல் இருக்கும்.

கே: லாக்ரொடேட்டில் சைஸ் 100 எம்பி என்று போட்டிருந்தும் ஃபைல் 2 ஜிபி ஆகிவிடுகிறதே?
– இன்னொரு வாசகர், வேளச்சேரி

ப: லாக்ரொடேட் உட்கார்ந்து காவல் காக்கும் ஆள் இல்லை. பெரும்பாலான சர்வர்களில் நாளுக்கு ஒருமுறைதான் எழுந்து அளவு பார்க்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிலோ சிஸ்டம்டி டைமரிலோ மணிக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். அதற்கு முன் '-டி' போட்டு ஒத்திகை பாருங்கள், அதில் எந்த ஃபைலும் மாறாது. '-எஃப்' நிஜமாகவே சுழற்றிவிடும்.